கண்ணாடிக்குள் கடலை அடைத்தவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மீன் தொட்டி என்றதும் நம் கண்முன் நிற்பது தங்க மீனும் வேலம்பாசியுமே. அவை நன்னீர் வாழ்வன. கிணற்று நீரை ஊற்றி, வாரம் ஒருமுறை மாற்றி வந்தால் ஓரளவு பிழைத்துக் கொள்ளும். கடலில் வாழும் உயிரைக் கரைக்குக் கொண்டுவந்து, கடலே காணாத ஊரில் ஒரு அறையின் மூலையில் மாதக்கணக்கில் வாழவைப்பது அப்படிப்பட்ட எளிய காரியம் அன்று. ஒரு இறால் செத்தால் போதும், மறுநாள் காலை தொட்டி முழுதும் நாறிவிடும். அத்தகைய கடல்நீர்த் தொட்டியை அமைக்கும் முறையை உலகறியச் செய்து, 'அக்வேரியம்' என்ற சொல்லையும் இன்றைய பொருளில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிலிப் ஹென்றி காஸ் எனும் ஆங்கிலேயர். ஃபார்மலின் புட்டிக்குள் சுருங்கிக் கிடக்கும் கடல் அனிமோனைப் பார்த்துப் படம் வரைந்து பதிவேட்டில் கையொப்பம் வாங்கும் நமக்கு, அது உயிரோடு இதழ் விரித்திருக்கும் கோலத்தை வீட்டு மேசைமேல் வைத்துக் காட்டிய மனிதரின் வரலாறு தெரிந்திருப்பது நல்லது.

காஸ் 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் காஸ் ஊர் ஊராகச் சென்று செல்வர்களின் முகங்களைச் சிறு ஓவியங்களாகத் தீட்டிப் பிழைத்தவர். கலை உண்டு, காசு இல்லை. தாயார் ஹன்னா, திருமணத்திற்கு முன் பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாக இருந்தவர். குடும்பம் பூல் என்னும் துறைமுக ஊரில் குடியேறியது. அங்கே அத்தை சூசன் பெல் என்பவர் சிறுவனுக்குக் கடற்கரைப் பாறைகளில் ஒட்டியிருக்கும் அனிமோன்களைக் காட்டினார். ஒரு பாத்திரத்தில் கடல்நீர் எடுத்து அவற்றை அதில் போட்டு வைத்துப் பார்க்கலாமே என்றும் சொல்லிக் கொடுத்தார். இந்த அத்தையின் மகன் தாமஸ் பெல் பிற்காலத்தில் பெயர்பெற்ற விலங்கியலறிஞரானார். பல்கலைக்கழகம் எதுவும் காஸுக்குக் கொடுக்காத ஒன்றை அந்த அம்மையார் கொடுத்தார் எனலாம்.

பதினைந்தாம் வயதில் படிப்பு நின்றது. ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. 1827-இல், பதினேழு வயதில், அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூபவுண்ட்லாந்துத் தீவின் கார்போனியர் என்ற மீன்பிடித் துறைமுகத்துக்குக் குமாஸ்தாவாக அனுப்பப்பட்டார். காட் மீனும் சீல் தோலும் கப்பலேறும் இடம் அது. எட்டு ஆண்டுகள் அங்கே கணக்குப் பேரேடு எழுதினார். 1832-இல் மைக்ராஸ்கோப்பைப் பற்றிய ஆடம்ஸ் என்பவரின் பழைய நூல் ஒன்றை விலைக்கு வாங்கினார். அதிலிருந்து அவர் வாழ்வின் போக்கு மாறிற்று. அலுவலகம் முடிந்த நேரமெல்லாம் பூச்சிகளைச் சேகரித்தார். தந்தையிடம் கண்ட நுண்ணிய ஓவிய முறையில் அவற்றை வண்ணத்தில் தீட்டினார். வழிகாட்டும் பேராசிரியரும் இல்லை, நூலகமும் இல்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என்னைப் போன்றோருக்கு இந்த இடத்தில் சற்று நிற்கத் தோன்றும். நமக்கு ஆசிரியராவது இருக்கிறார்.

பிறகு நடந்தவை தோல்விகளே. 1835-இல் நண்பர்களோடு கனடாவின் காம்ப்டன் என்னும் இடத்தில் நிலம் வாங்கி உழுதார். மூன்று ஆண்டுகளில் கைப்பணம் கரைந்தது. 1838-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திற்குச் சென்று தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியராகச் சில மாதங்கள் இருந்தார். அடிமைகள் அங்கே பட்ட கொடுமை அவரை மிகவும் உறுத்தியது. 1839-இல் வெறுங்கையோடு தாய்நாடு திரும்பும் கப்பலில் ஏறினார். அந்தப் பயணத்தில் எழுதியதே கனடாவின் இயற்கையைப் பற்றிய அவருடைய முதல் நூல். அத்தை மகன் தாமஸ் பெல் அதைப் பதிப்பாளர் ஒருவரிடம் சேர்ப்பித்தார். நூறு கினி தருவதாகப் பதிப்பாளர் சொன்னபோது, முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த காஸ் அழுதே விட்டாராம்.

1844 முதல் 1846 வரை ஜமைக்காத் தீவில் பறவைகளும் பூச்சிகளும் சேகரித்தார். அங்கே தம்மோடு காடு மேடெல்லாம் அலைந்த சாமுவேல் கேம்பெல் என்ற கறுப்பின இளைஞரின் திறமையைத் தம் நூலில் மனம்விட்டுப் பாராட்டினார். ஜமைக்காவின் கலப்பினக் குடியைச் சேர்ந்த நடுவர் ரிச்சர்டு ஹில் என்பவரின் பெயரை, 1847-இல் வெளிவந்த ஜமைக்காப் பறவைகள் நூலின் முகப்பிலேயே தம் பெயரோடு சேர்த்து அச்சிட்டார். அந்தக் காலத்து ஆங்கிலேயரிடம் இது அரிய குணம்.

1848-இல் எமிலி போஸ் என்ற பெண்மணியை மணந்தார். இருவரும் 'சகோதரர் சபை' எனும் கண்டிப்பான கிறித்தவக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1849 செப்டம்பர் 21-இல் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில், மகன் பிறந்த செய்தியையும் ஜமைக்காவிலிருந்து ஒரு பறவை வந்து சேர்ந்த செய்தியையும் அடுத்தடுத்து எழுதி வைத்தார் என்பது இன்றும் சிரிப்போடு சொல்லப்படும் கதை. வந்து சேர்ந்த வரிசையில் எழுதினார், அவ்வளவுதான்!

இனி நாம் முக்கியமான பகுதிக்கு வருகிறோம்.

இலண்டனில் இடைவிடாமல் எழுதியதால் காஸின் உடல்நலம் கெட்டது. 1852-இல் குடும்பத்தோடு தெற்கே டெவன்ஷயர் கடற்கரைக்குப் போனார். நாள்தோறும் நீர் வற்றும் வேளையில் உளியும் சுத்தியலும் கூடையுமாகப் பாறைகளுக்கிடையே இறங்கினார். கொண்டுவந்த உயிர்களைக் கண்ணாடிக் குடுவையில் போட்டால் சில நாட்களில் நீர் கெட்டு எல்லாம் மடிந்தன. இது எல்லோருக்கும் நேர்ந்ததுதான். இலண்டனில் வாழ்ந்த திருமதி ஆனா தைன் என்ற சீமாட்டி 1846-இல் டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களைக் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் காப்பாற்றியிருந்தார். எப்படித் தெரியுமா? வீட்டு வேலைக்காரியைத் திறந்த சன்னலருகே நிறுத்தி, ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்திற்குக் கடல்நீரைத் தினந்தோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் ஆற்றச் செய்தார். நம் டீக்கடைகளில் டீ ஆற்றுவது போல. காற்று நீரில் கலந்தது, பவளமும் பிழைத்தது. வேலைக்காரியின் கை வலியை எவரும் எழுதி வைக்கவில்லை.

வேலைக்காரி இன்றியே இதைச் செய்ய ஒரு வழி வேதியியலிலிருந்து வந்தது. பச்சைத் தாவரம் வெளிச்சத்தில் கரியமில வாயுவை ஏற்றுப் பிராணவாயுவை விடுகிறது என்பது அப்போது தெரிந்த செய்தி. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலறிஞர் தங்க மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, நீரை மாற்றாமலே அவை வாழ்வதை 1850-இல் வெளியிட்டார். மீன் விடுவதைச் செடி உண்ணும். செடியின் அழுகலை நத்தை உண்ணும். இதையே கடல்நீருக்கும் பொருத்த வாரிங்டனும் காஸும் தனித்தனியே முயன்றனர். காஸ் 1852-இல் டெவன்ஷயரில் கடற்பாசி ஒட்டிய கல்லைக் கல்லோடு பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தார். பாறையிலிருந்து பிய்த்த பாசி அழுகும், கல்லோடு வந்தது வளரும் என்பது அவர் கண்டுகொண்ட முதல் நுட்பம். அகன்ற பச்சைப் பாசிகளே சிறந்தவை, அழகான சிவப்புப் பாசிகள் விரைவில் மடியும் என்பது அடுத்தது. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே கண்ணாடியில் ஒரு கோடு கிழித்து, நீர்மட்டம் இறங்கினால் நன்னீரை மட்டுமே அதுவரை ஊற்றவேண்டும் என்றார். இன்றும் கடல்மீன் வளர்ப்போர் பின்பற்றும் விதி இது.

1853 மே மாதம் இலண்டன் ரீஜன்ட் பூங்காவிலுள்ள விலங்குக் காட்சிச்சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. பொதுமக்களுக்கான முதல் அக்வேரியம் அதுவே. அதன் தொட்டிகளில் முதன்முதலில் குடியேறிய கடலுயிர்களில் பல காஸ் கொடுத்தவை. அதன் பிறகும் அவர் வேமவுத் கடற்கரையில் தங்கி, கூடை கூடையாகச் சேகரித்து இரயிலில் அனுப்பினார். கண்ணாடிக்கு இருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டதும், கடற்கரைக்கு இரயில் பாதைகள் போடப்பட்டதும் இவ்வளவுக்கும் துணை நின்றன. 1854-இல் 'தி அக்வேரியம்' என்ற அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்கள் அவரே வரைந்தவை. நூல் மளமளவென்று விற்றது. சீமாட்டிகளும் குமாஸ்தாக்களும் பாதிரியார்களும் தொட்டி வாங்கினர். இங்கிலாந்து முழுதும் ஒரு கடல்பித்து பரவியது.

ஆனால் கடலிலிருந்து தள்ளி இருப்பவனுக்குக் கடல்நீருக்கு எங்கே போவது? கப்பல்காரனிடம் பணம் கொடுத்து ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பாலிருந்து பீப்பாயில் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஓக் மரப் பீப்பாயாக இருந்தால் மரத்தின் துவர்ப்பு இறங்கி நீர் கெடும். காஸ் இதற்கும் வழி தேடினார். பிரைட்டன் கடல்நீரை ஒருவர் பகுத்தாய்ந்து வெளியிட்டிருந்த கணக்கை எடுத்துக்கொண்டு, 1854-இல் தாமே கடல்நீரைத் தயாரித்தார். சாப்பாட்டு உப்பு மூன்றரை அவுன்ஸ், எப்சம் உப்பு கால் அவுன்ஸ், மக்னீசியம் குளோரைடு 200 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெயின். இவற்றை நான்கு குவார்ட்டுக்குச் சற்றுக் குறைந்த நீரில் கரைக்க வேண்டும். நம் அளவில் சுமார் நாலரை லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 100 கிராம், 7 கிராம், 13 கிராம், இரண்டரை கிராம் என்று கொள்ளலாம். கால்சியம் சல்பேட்டை அவர் சேர்க்கவில்லை. இலண்டன் குடிநீரிலேயே போதிய சுண்ணாம்பு இருக்கும் என்று விட்டுவிட்டார். நீரைக் கரைத்தவுடன் உயிர்களைப் போடாமல், முதலில் பாசிக் கற்களை மட்டும் இட்டுச் சில நாள் வெளிச்சத்தில் வைத்த பின்பே அனிமோன்களை விட்டார். அவை வாழ்ந்தன. பள்ளிப் படிப்போடு நின்ற ஒருவர் செய்த வேதியியல் இது என்பதை மறக்க வேண்டாம். 1856-இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

இங்கே ஒரு கேள்வி எழும். காஸின் முறை அவ்வளவு சிறந்ததென்றால், அவர் நூலை வாங்கிப் படித்தவர்களில் மிகப் பலருடைய தொட்டிகள் ஏன் நாறிப்போயின? 1860-களில் அந்தப் பித்தே தணிந்து, கண்ணாடித் தொட்டிகள் பரணுக்குப் போனது ஏன்?

காஸ் பிராணவாயுவைக் கணக்கில் கொண்டார். கழிவை முழுதும் கணக்கில் கொள்ள அவர் காலத்து அறிவியலால் முடியவில்லை. உயிர்கள் வெளியிடும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட இறைச்சித் துண்டிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மிகச் சிறிதளவிலேயே நஞ்சு. கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி என்ற இரஷ்ய அறிஞர் பிரித்துக் காட்டியது 1890-ஐ ஒட்டி; காஸ் இறந்த பிறகு. காஸ் பாசிக் கற்களை முதலில் போட்டுச் சில நாள் காத்திருந்தார் அல்லவா? பாசிக்காகக் காத்திருப்பதாக அவர் எண்ணினார். அந்தக் கற்களோடு கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் வந்து குடியேறின என்று இன்று நாம் சொல்ல முடியும். அவருடைய வெற்றியில் அவை பாதிப் பங்கு கொண்டவை என்பது என் எண்ணம். பொறுமையின்றி அன்றே எல்லாவற்றையும் வாங்கிப் போட்டவர்களுக்கு அந்தத் துணை கிடைக்கவில்லை.

குறையை ஓரளவு நீக்கியவர் காஸின் நூல்களால் தூண்டப்பட்ட வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட். இவர் இலண்டனில் கடலுயிர்க் கடை வைத்து நொடித்துப் போனவர். பின்னர் 1864-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும், 1871-இல் இலண்டன் கிறிஸ்டல் பாலஸிலும் பெரிய காட்சியகங்களை அமைத்தார். காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கத்தைத் தரைக்கடியில் கட்டி, நீராவிப் பம்பினால் இரவும் பகலும் நீரைச் சுற்றவிட்டார். செடியை மட்டும் நம்பியிருந்த முறை அத்தோடு பின்னுக்குப் போயிற்று. நம் சென்னைக் கடற்கரையில் 1909-இல் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சியகமும் இந்த வழித்தோன்றலே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

இன்றைய கடல்நீர்த் தொட்டியில் 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்ற கருவி இருக்கும். இதன் தத்துவம் கடற்கரைக்குப் போன எவரும் கண்டதுதான். அலை மோதும் இடத்தில் பழுப்பு நுரை ஒதுங்குகிறதே, அதேதான். புரத மூலக்கூறின் ஒரு பகுதி நீரை விரும்பும், மற்றொரு பகுதி நீரை வெறுக்கும். ஆகவே அது காற்றுக் குமிழியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு குழாய்க்குள் நுண்ணிய குமிழிகளைச் செலுத்தினால், அவை புரதத்தைச் சுமந்து மேலேறி, நுரையாகி, உச்சியிலுள்ள கிண்ணத்தில் வழியும். அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே அழுக்கு வெளியேறிவிடுகிறது. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்பு நீரில் சிறிதாகவே நிற்கும். அதனால்தான் இக்கருவி கடல்நீருக்கே ஏற்றது. குமிழி சிறிதாக ஆக மொத்தப் பரப்பு கூடும் என்பதால், பம்பின் சுழலும் துடுப்பைக் கழற்றி, ஊசிகள் பதித்த சக்கரத்தையோ வலைத்துண்டு கட்டிய சக்கரத்தையோ பொருத்திக் காற்றை இன்னும் பொடியாக்கிக்கொள்ளும் ஆர்வலர்களும் உண்டு. திருமதி தைனின் வேலைக்காரி சன்னலருகே நின்று நீரை ஆற்றியபோதும் கொஞ்சம் நுரை எழும்பியிருக்கும். அதை வழித்து எறியவேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

எந்த வடிகட்டும் முறையைத் தேர்வது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பஞ்சும் மணலும் கொண்டு தூசியைத் தடுப்பது ஒரு முறை. கரியால் நிறத்தையும் வாடையையும் உறிஞ்சுவது ஒன்று. பாக்டீரியா குடியிருக்க இடம் கொடுப்பது மற்றொன்று. இந்தோனேசியாவின் ஜாகர்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் 1961-இல் வெளியிட்ட முறையில், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையும் சிறிது காற்றும் வெளிச்சமும் தவிர வேறொன்றும் இல்லை. ஏறக்குறைய நூறாண்டு கழித்து அவர் காஸின் பாசிக் கல்லுக்கே திரும்பி வந்தார். பவளங்கள் மட்டும் வளர்ப்போருக்குப் பாறையும் ஸ்கிம்மரும் சேர்ந்தாலே போதும் என்றும், தின்றுகொண்டே இருக்கும் பெரிய மீன்களை வளர்ப்போருக்கு அது போதாது என்றும் சொல்லத் தோன்றுகிறது.

காஸின் கதைக்குத் திரும்புவோம். புகழின் உச்சியிலேயே அடி விழுந்தது. 1857 பிப்ரவரியில் மனைவி எமிலி மார்பகப் புற்றுநோயால் பெரிதும் துன்புற்று இறந்தார். மகனுக்கு வயது ஏழு. அதே ஆண்டில் காஸ் 'ஓம்ஃபலோஸ்' என்ற நூலை வெளியிட்டார். பூமியின் பாறை அடுக்குகள் நெடுங்காலத்தைக் காட்டுகின்றன. வேதமோ ஆறு நாட்களில் படைப்பு என்கிறது. இரண்டையும் விட மனமில்லாத காஸ், உலகம் படைக்கப்பட்டபோதே பழமையின் அடையாளங்களோடு படைக்கப்பட்டது என்று வாதிட்டார். முதல் மரத்தில் ஆண்டு வளையங்கள் இருந்திருக்கும், முதல் மனிதனுக்குத் தொப்புளும் இருந்திருக்கும் என்றார். அறிவியலாரும் சிரித்தனர், சமயத்தாரும் ஏற்கவில்லை. நண்பரும் எழுத்தாளருமான சார்லஸ் கிங்ஸ்லியே ஒப்பவில்லை. இரண்டாண்டில் டார்வினின் நூல் வந்தது. இன்று பலரும் காஸை இந்தத் தோல்வியைக் கொண்டே நினைவுகூர்கின்றனர். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த வாதத்தை எவராலும் பொய்யென்று காட்ட முடியாது. எவ்விதச் சோதனைக்கும் அது இடம் தராது. அதனாலேயே அது அறிவியல் ஆகாது என்பதும் உண்மை. ஆனால் மார்ச் மாதத்துக் குளிர்நீரில் இடுப்பளவு நின்று அவர் எண்ணிப் பார்த்து எழுதியவற்றில் இந்தக் குழப்பம் புகவில்லை. 1860-இல் முடிவுற்ற அவருடைய பிரிட்டிஷ் கடல் அனிமோன் நூல் அத்துறையில் நெடுங்காலம் நின்றது.

அவ்வாண்டே எலைசா பிரைட்வென் என்பவரை மணந்து, டெவன்ஷயரின் செயின்ட் மேரிசர்ச் ஊரில் நிலையாகத் தங்கினார். அங்கே அவர் கண்டது மற்றொரு துயரம். அவர் நூல்களைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் இரயிலில் வந்து இறங்கினர். உளியும் சுத்தியலும் கொண்டு பாறைக் குளங்களைக் குடைந்தனர். கல்லோடு பெயர்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவரே அவர் அல்லவா? சில ஆண்டுகளில், அவர் முதன்முதலில் கண்டு வியந்த குளங்கள் வெறும் கல்லாய்ப் போயின. இதை எண்ணித் தந்தை மிகவும் வருந்தினார் என்று மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்நூல் தந்தையைக் கடுமையான பிடிவாதக்காரராகக் காட்டுகிறது. 2002-இல் ஆன் த்வெய்ட் எழுதிய வரலாறோ, அன்பும் கலகலப்பும் உள்ள மனிதரைக் காட்டுகிறது. மகனுக்குத் தெரிந்த தந்தை ஒருவர், நாட்குறிப்புகளில் தெரியும் தந்தை வேறொருவர் போலும்.

முதுமையில் ஆர்க்கிட் செடிகளும் மைக்ராஸ்கோப்பும் அவருக்குத் துணையாயின. ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர்களைப் பற்றி ஹட்சன் என்பவரோடு சேர்ந்து எழுதிய பெருநூல் 1886-இல் வெளிவந்தபோது காஸுக்கு வயது 76. இன்று கடல்மீன் குஞ்சு பொரிப்பகங்களில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் இரையாகக் கொடுக்கப்படுபவை இந்த ரோட்டிஃபர்களே. காஸ் 1888 ஆகஸ்ட் 23-இல் செயின்ட் மேரிசர்ச்சில் காலமானார். நியூபவுண்ட்லாந்தில் குமாஸ்தாவாக இருந்தபோது அவர் தீட்டிய பூச்சி ஓவியங்கள் அவர் காலத்தில் அச்சேறவே இல்லை. அந்தக் கையெழுத்துப் படி கனடாவின் ஒட்டாவா நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.